பேர் வெட்டிய அண்டா

எவர்சில்வர் பாத்திரக்கடையில் பில் போட்டு முடித்ததும் கல்லாவில் இருப்பவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பேர் வெட்டணுமா?" வெட்ட வேண்டும் என்றால் துண்டுத் தாளில் இனிஷியலோடு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். மூலையில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு அடக்கமான மிஷினை எடுத்து, ஊசிமுனை தடதடக்க, அண்டாவின் கழுத்தில் பெயரைப் பதித்துத் தருவார். அதன்பிறகு அந்த அண்டா கல்யாண வீட்டுக்கு இரவல் போகும். கோயில் கொடைக்குப் பொங்கல் வைக்கப் போகும். பத்து வீட்டுப் பாத்திரங்களோடு புரண்டு கிடந்தாலும், கழுத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து யாராவது அதைச் சரியான வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

பந்தல்காரரின் பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் பெயின்டால் தீற்றிய இரண்டு எழுத்து, நூலகப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் நூலகருக்கு மட்டுமே தெரிந்த ஓர் உள்பக்கத்திலும் குத்திய ரப்பர் ஸ்டாம்ப், மருத்துவமனைப் படுக்கை விரிப்பின் ஓரத்தில் அச்சிட்ட பெயர், மாட்டின் தொடையில் இட்ட சூடு எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, வண்டிக்கு ஆர்.சி. இருக்கிறது. அண்டாவுக்கும் நாற்காலிக்கும் அப்படி ஒரு காகிதம் கிடையாது. வாங்கிய ரசீது மூன்றாம் மாதமே எங்கோ தொலைந்திருக்கும். மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதன் மேல் இருக்கும் குறிதான்.

அந்தச் சாட்சியின் வாயை அடைப்பது தனிக் குற்றம் என்று இந்தியக் குற்றவியல் சட்டம் சொல்கிறது. திருடியவனுக்குத் திருட்டுக்கான தண்டனை இருக்கவே இருக்கிறது. பொருளைத் திருடாமல், தொட்டுத் தூக்கிக்கூடப் போகாமல், அதன் மேலிருக்கும் பெயரை மட்டும் சுரண்டி எடுத்தாலும் சிறைக்குப் போக நேரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 489ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 346ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது, சாரம் அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய 345ஆம் பிரிவு உடைமைக் குறி என்றால் என்ன என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: அசையும் பொருள் ஒன்று இன்னாருக்குச் சொந்தம் என்று காட்டப் பயன்படும் குறி எதுவும் உடைமைக் குறியே. அது எழுத்தாக இருக்க வேண்டும் என்றோ, எங்காவது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றோ அந்த வரி கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் மண்வெட்டிக் காம்பில் போட்டுவைத்த மூன்று கோடும் உடைமைக் குறிதான். சட்டத்தில் இவ்வளவு பெருந்தன்மையான வரையறைகள் அதிகம் கிடையாது.

குறியைக் கெடுப்பதற்கு நான்கு வழிகளை 346 அடையாளம் காட்டுகிறது. குறியை அகற்றுவது, அழிப்பது, சிதைப்பது ஆகிய மூன்றும் எளிதில் புரிபவை. நான்காவது, குறியோடு எதையாவது கூட்டுவது. இருக்கும் எழுத்தில் ஒன்றையும் அழிக்காமல் ஒரு கால் போட்டு, ஒரு சுழி சேர்த்து வேறு பெயராக்கிவிடுவதும் அதே குற்றம். 'ரா. மணி' என்று வெட்டிய குடத்தில் பின்னால் 'யம்மாள்' சேர்ந்துகொண்டால் சொந்தக்காரரே மாறிவிடுகிறார் அல்லவா? இந்த நான்கில் எதைச் செய்தாலும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் செய்கை மட்டும் போதாது. அதனால் யாருக்காவது தீங்கு நேர வேண்டும் என்ற எண்ணமோ, நேரக்கூடும் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். தீங்கு என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் அகலமானது. உடலுக்கோ, மனத்துக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ சட்டவிரோதமாக விளைவிக்கும் எந்தக் கெடுதலும் அதில் அடங்கும். பாட்டி விட்டுப்போன தூக்குவாளியில் தன் பெயர் இருக்கட்டும் என்று பேத்தி பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டால் அது குற்றமாகாது. பாகம் பிரிக்காத குடும்பத்தில், மற்ற இரண்டு அத்தைகளுக்கும் பங்கில்லை என்று காட்டுவதற்காக அதே எழுத்தைத் தேய்த்தால் கதை வேறு.

கல்யாணத்தில் வரும் அன்பளிப்புப் பாத்திரங்கள் இங்கே ஒரு சுவையான கேள்வியை எழுப்புகின்றன. அவற்றில் வெட்டியிருப்பது கொடுத்தவரின் பெயர். பொருளோ வாங்கிக்கொண்ட மணமக்களுடையது. பெயர் இருக்கிறது என்பதாலேயே அது உடைமைக் குறி ஆகிவிடாது. சொந்தம் யாருக்கு என்று சொன்னால்தான் உடைமைக் குறி. நிறுவனங்களின் வணிக முத்திரையும் இப்படித்தான் விலகி நிற்கிறது. அந்த முத்திரை பொருளை யார் தயாரித்தார்கள், தரம் என்ன என்பதைத்தான் சொல்லும். இப்போது அது யார் வீட்டு அலமாரிக்குச் சொந்தம் என்று சொல்லாது. 1972இல் சுமத் பிரசாத் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துவைத்தது: வணிக முத்திரை பொருளைப் பற்றியது, உடைமைக் குறி உடையவரைப் பற்றியது. பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டும் ஒரே இயலில் அடுத்தடுத்து இருந்தன. 1958இல் வணிக முத்திரைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தபோது 478, 480 என்ற இரண்டு பிரிவுகளும் நீக்கப்பட்டன. உடைமைக் குறி மட்டும் குற்றவியல் சட்டத்திலேயே தங்கிவிட்டது.

ஒரு சின்னக் குறியால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே வலி மிகுந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறியிடப் பயன்படுத்தியது சேராங்கொட்டை. அதன் பாலை ஊசியால் தொட்டுத் துணியின் ஓரத்தில் கோடோ புள்ளியோ வைத்து மேலே சுண்ணாம்பைத் தடவினால், கறுத்துப் பிடித்துக்கொள்ளும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. ஊர் முழுக்கத் துணியை ஒரே துறையில் துவைத்தாலும் எந்த வேட்டி எந்த வீட்டுக்கு என்பதில் பிசகு வராததற்கு அந்தக் கறுப்புப் புள்ளிதான் காரணம். பின்னாளில் மையும் ஆங்கில எழுத்துகளும் அந்த இடத்துக்கு வந்தன. 1948 ஜனவரி 20 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மதன்லால் பாஹ்வா அங்கேயே பிடிபட்டார், மற்றவர்கள் தப்பினார்கள். காவல்துறை மரினா ஹோட்டலுக்குப் போனபோது, 40ஆம் எண் அறையில் பொய்ப் பெயரில் தங்கியிருந்தவர்கள் சலவைக்குப் போட்டுவிட்டு எடுக்காமல் போன துணிகள் கிடைத்தன. அவற்றில் 'என்.வி.ஜி.' என்று சலவைக் குறி இருந்தது. நாதுராம் விநாயக் கோட்சே. ஹோட்டல் பதிவேட்டில் எழுதிய பெயர் பொய்; துணியில் இருந்த பெயர் மெய். பத்து நாள் அவகாசம் இருந்தது. அந்த மூன்று எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை என்பது பின்னாளில் நீதிபதி ஜே.எல். கபூர் ஆணையம் ஆராய்ந்த குறைகளில் ஒன்று. ஜனவரி 30 மாலை நடந்ததை நாடு அறியும்.

துணியை விட்டுவிட்டு மாட்டுக்கு வந்தால், இந்தச் சட்டத்தின் வேர் இரண்டாயிரம் ஆண்டுக்கும் அப்பால் போகிறது. அர்த்தசாஸ்திரத்தில் பசுக்களைக் கண்காணிக்கும் அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு மாட்டுக்கும் இட்ட குறி, பிறவியிலேயே உள்ள அடையாளம், நிறம், இரண்டு கொம்புகளுக்கும் இடையே உள்ள தூரம் எல்லாவற்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்கிறது அது. அரச முத்திரை இட்ட மாட்டை வேறொன்றாக மாற்றிவைப்பவனுக்கு அபராதமும் விதிக்கிறது. இந்த நூல் நமக்குக் கிடைத்த விதத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியிலிருந்துதான் ஆர். ஷாமசாஸ்திரி 1909இல் அதை அச்சில் கொண்டுவந்தார்.

சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் நட்ட கல்லில் திரிசூலம், பெருமாள் கோயில் நிலத்தில் சக்கரம் என்று வெட்டிவைத்த வழக்கம் தமிழ்நாட்டில் பலர் கண்ணால் பார்த்தது. சூலக்கல், திருவாழிக்கல் என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் இவை நிலத்துக்கான குறிகள். அரசு அதிகாரி நட்ட எல்லைக்கல்லை அழிப்பதும் நகர்த்துவதும் வேறு பிரிவில் வரும் குற்றங்கள். 346 அசையும் பொருளோடு நின்றுவிடுகிறது. மாடு அசையும் பொருள். இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்தில் பட்டி மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. திறந்த வெளியில் பல பேருடைய மாடுகள் கலந்து மேயும் இடங்களில் வேறு வழியும் கிடையாது.

சட்டம் ஏன் 'கூட்டுவது' என்ற நான்காவது வழியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் மாட்டைப் பார்த்தால் புரிந்துவிடும். தோலில் சுட்ட குறியை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் அதன்மேல் இன்னொரு கோடு இழுக்க முடியும். அமெரிக்காவின் டெக்சாஸ் மேய்ச்சல் வெளிகளில் மாடு திருடர்கள் நுனி வளைந்த இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மாட்டின் மேலேயே பேனா பிடிப்பது போலப் பிடித்து வரைந்தார்கள். பிறை வடிவச் சூட்டை முழு வட்டமாக்க ஓர் இழுப்புப் போதும். அந்த நாட்டில் சாமுவேல் மாவரிக் என்பவர் தன் மாடுகளுக்குச் சூடே போடாமல் விட்டுவைத்தார். குறியில்லாமல் திரியும் மாட்டுக்கே 'மாவரிக்' என்ற பெயர் வந்து, பிறகு கூட்டத்தோடு சேராத மனிதர்களுக்கும் அந்தச் சொல் பரவியது.

அரசாங்கங்கள் தங்கள் பொருளுக்கு இட்ட குறிகளைப் பற்றிப் படிக்கும்போது ஒருவித வியப்பு வராமல் இருக்காது. பிரிட்டனின் 1875ஆம் ஆண்டு அரசுச் சேமப் பொருள் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. மரத்திலும் உலோகத்திலும் அம்புமுனைச் சின்னம். சணல் கயிறு என்றால் முறுக்கும்போதே உள்ளே ஒரு வண்ண இழையைச் சேர்த்துவிட வேண்டும். கயிற்றை எங்கே வெட்டினாலும் அந்த இழை தெரியும். கித்தான் துணியில் பாம்பு நெளிவதுபோல ஒரு நீலக்கோடு. மெழுகுவர்த்தியில்? திரிக்குள் நீலமோ சிவப்போ ஒரு நூல்! அரசாங்க மெழுகுவர்த்தியைத் திருடிக் கொளுத்தினால் சாட்சியும் சேர்ந்தே எரிய வேண்டியதுதான். அரசுடைமை என்பதை மறைக்கும் எண்ணத்தோடு இந்தக் குறிகளை எடுத்தாலோ அழித்தாலோ ஏழாண்டு வரை கடுங்காவல் என்று அந்தச் சட்டம் வைத்திருந்தது.

அதே அம்புமுனை அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு கலகத்துக்கும் காரணமானது. பிரிட்டிஷ் கடற்படைக்குப் பாய்மரம் தேவைப்பட்டது. 1691இல் மாசசூசெட்ஸுக்கு வழங்கிய சாசனத்தில், தரையிலிருந்து 12 அங்குல உயரத்தில் 24 அங்குல விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரங்கள் அரசருக்கு என்று ஒதுக்கப்பட்டன. அரசரின் ஆட்கள் வெள்ளைப் பைன் மரங்களில் கோடரியால் மூன்று வெட்டு வெட்டி அம்புமுனையைப் பதித்தார்கள். பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் 1722இல் அந்த அளவு 12 அங்குலமாகவே குறைந்தது. தன் தோட்டத்து மரமே தனக்கில்லை என்றால் யார் பொறுப்பார்கள்? 1772 ஏப்ரலில் வேர் என்ற சிற்றூரில், மரம் வெட்டிய குற்றத்துக்காகக் கைது செய்ய வந்த ஷெரிப்பை விடியற்காலையில் விடுதி அறைக்குள் புகுந்து மிலாறுகளால் விளாசி, மொட்டையடித்த குதிரை மேல் ஏற்றி ஊரைவிட்டு விரட்டினார்கள். சொந்தமில்லாத பொருளில் சொந்தக் குறி இடுவதும் குற்றம் என்று இன்றைய 345ஆம் பிரிவு சொல்கிறது. அன்று அந்தக் குறியை இட்டது அரசரே என்பதால், கேட்பதற்கு மிலாறுதான் மிஞ்சியது.

இந்தியாவில் குறியின் சட்டம் மிக ஆழமாக வேர்விட்டிருக்கும் இடம் காடு. வெட்டிய மரத்தின் வெட்டுவாயில், முகத்தில் எழுத்தோ எண்ணோ செதுக்கிய சுத்தியலால் ஓங்கி அறைவார்கள். அந்த அச்சு மரத்தில் இறங்கிவிடும். இது எந்தக் காட்டில் வெட்டியது, யாருடையது, எடுத்துப்போக அனுமதி உண்டா என்பதை வழியில் உள்ள சோதனைச் சாவடியில் அந்த அச்சைப் பார்த்தே சொல்லிவிடலாம். தனியார் மர வணிகர்களுக்கும் பதிவு செய்த குறிகள் உண்டு. ஒருவர் எத்தனை குறிகளைப் பதிந்துகொள்ளலாம் என்பதற்கு வரம்பு வைக்கவும், பதிவு எத்தனை காலத்துக்குச் செல்லும் என்று நிர்ணயிக்கவும் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டுக்கு அதற்கும் மூத்த சட்டம் ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்துக்காக 1882இல் வந்தது இன்னும் தமிழ்நாடு வனச் சட்டமாக உயிரோடு இருக்கிறது.

மரக்குறியை அழிப்பது எவ்வளவு எளிது என்று பாருங்கள். அச்சு இருப்பது வெட்டுவாயில். ரம்பத்தை வைத்து ஒரு விரற்கடை கனத்துக்கு ஒரு வில்லையை அறுத்துத் தள்ளினால் போதும், மரத்தின் பிறப்பும் சொந்தமும் அந்த வில்லையோடு போய்விடும். ஆற்றில் வெள்ளத்தோடு மிதந்துவரும் கட்டைகளைக் கரையில் பிடித்து அறுத்துக்கொள்பவர்களைத் திருடர்கள் என்று நிரூபிக்க என்ன வழி? அதற்குத்தான் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு கடுமையான முடிச்சைப் போட்டது. மிதந்துவந்த மரம், கரை ஒதுங்கிய மரம், முழுகிக் கிடந்த மரம், பதிவு செய்யாத குறி உள்ள மரம், குறி தீயாலோ வேறு எதனாலோ அழிந்தோ மாறியோ போன மரம் ஆகியவை வேறொருவர் தன் உரிமையை நிலைநாட்டும் வரை அரசுக்கே சொந்தம் என்று கொள்ளப்படும். குறியை அழித்தவனுக்கு அழித்ததால் ஒரு பயனும் இல்லாமல் போகிறது. தண்டனையைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. தண்டனையும் உண்டு: வன அதிகாரி இட்ட குறியைக் கெட்ட எண்ணத்தோடு போலி செய்தாலோ மாற்றினாலோ அழித்தாலோ 63ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லத்தான் வேண்டும். காட்டு மரத்தின் குறியை அழித்தால் இரண்டாண்டு. பந்தல்காரரின் எழுத்தைச் சுரண்டினால் ஓராண்டு. போலிக் குறி செய்வதிலும் இதே ஏற்றத்தாழ்வு இருக்கிறது. தனி ஒருவரின் குறியைப் போலியாகச் செய்தால் இரண்டாண்டு வரை சிறை அல்லது அபராதம். அரசு ஊழியர் இடும் குறியை என்றால் மூன்றாண்டு வரை சிறையோடு அபராதமும் உண்டு. அரசின் முத்திரையை நம்பி ஊரே பொருள் வாங்குகிறது, அதனால் கூடுதல் காவல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசுக்குப் பதிவேடு உண்டு, ஆள் உண்டு, வழக்கறிஞர் உண்டு. கழுத்தில் வெட்டிய பெயரைத் தவிர வேறு சான்றே இல்லாதவருக்குத்தான் குறி போனால் எல்லாமே போய்விடுகிறது.

இரயில்வே இதை வேறுவிதமாகச் சமாளித்தது. தண்டவாளத் துண்டும் பித்தளைத் தாங்கியும் காயலான்கடைக்குப் போய்விட்டால், உலைக்குப் போவதற்கு முன் குறியைத் தேய்த்துவிடுவது ஒரு நிமிட வேலை. 1966ஆம் ஆண்டு இரயில்வே உடைமைச் சட்டம், திருடப்பட்டது என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க இரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்தால், அது தன்னிடம் முறையாக வந்தது என்று அவரே நிரூபிக்கட்டும் என்றது. இல்லாவிட்டால் ஐந்தாண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தச் சாயல் ஓரிடத்தில் இருக்கிறது: அடுத்தவருக்குச் சொந்தம் என்று பொய்யாக நம்பவைக்கும் குறியைப் பயன்படுத்தியவர், ஏமாற்றும் எண்ணம் தனக்கு இல்லை என்று தானே காட்ட வேண்டும். குறியை அழித்தவருக்கான 346இல் மட்டும் அந்தச் சுமை இல்லை. அங்கே எண்ணத்தை நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுப்பவர்.

ரேஷன் அரிசி அரசு முத்திரை உள்ள சாக்கிலிருந்து வேறு பெயர் போட்ட பையில் கொட்டப்படுவதை எந்தப் பிரிவில் வைப்பது? முதன்மையாக அது அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் வழக்கு. ஆனால் நியாய சன்ஹிதாவின் 350ஆம் பிரிவும் இப்படிப்பட்ட வேலைக்காகவே எழுதியது போலிருக்கிறது. உள்ளே இல்லாத பொருள் இருப்பதாகவோ, இருக்கும் பொருளின் தரம் வேறு என்றோ நம்பவைக்கும் பொய்க்குறியைப் பெட்டியிலோ பையிலோ இட்டால் மூன்றாண்டு வரை சிறை.

இன்று கிராமத்தில் அதிகம் கண்ணில் படும் குறி மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லை. பன்னிரண்டு இலக்க எண் அதில் இருக்கும். பசு ஆதார் என்று அதற்குப் பெயர். கறவை மாட்டுக் காப்பீட்டில் காது வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்பது வழக்கமான நிபந்தனை. செத்த மாட்டின் காதில் உயிரோடு இருக்கும் மாட்டின் வில்லையை மாட்டிப் பணம் கேட்பவன் காப்பீட்டு நிறுவனத்தை ஏமாற்றுகிறான். யாரோ ஒருவர் பொறாமையில் பக்கத்து வீட்டு மாட்டின் வில்லையை அறுத்தெறிந்தால், ஏமாந்து போவது கடன் வாங்கி மாடு பிடித்த ஒரு குடும்பம். கண்டிப்பாகப் பார்த்தால் அந்த எண் மாட்டின் அடையாளம்; உடையவரின் பெயர் கணினியில்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த எண்ணைப் பிடித்தால்தான் பெயரை எட்ட முடியும். வண்டியின் சேசிஸ் எண், கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் இந்த இனம்தான். ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வரும் பதினைந்து இலக்கங்களைத் திருடர்கள் மென்பொருளால் மாற்றிவிடுகிறார்கள். அதைத் தடுக்க 2017இல் தனி விதிகள் வந்தன. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமோ இத்தகைய எண்ணில் கைவைத்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 1860இன் சட்டம் தொடாமல் விட்ட இடத்தை இந்தச் சட்டம் அடைத்திருக்கிறது.

சரி, வாடகைக்குப் போன நாற்காலிகள் எழுத்து சுரண்டப்பட்டு இன்னொருவரின் கிடங்கில் கிடப்பதைக் கண்டுபிடித்தவர் என்ன செய்வது? 346 பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பதிவு செய்துகொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால்தான் காவல்துறை விசாரிக்க முடியும். எழுத்தைச் சுரண்டியதோடு பொருளையும் எடுத்துப் போயிருந்தால் திருட்டு அல்லது நம்பிக்கை மோசடிப் பிரிவு சேரும். அப்போது காவல்துறை நேரடியாகவே இறங்கலாம். ஆகவே புகாரில் இரண்டையும் எழுதுவது முக்கியம். காலமும் முக்கியம். ஓராண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்க ஓராண்டுதான் கால வரம்பு. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் நடந்து நடந்தே அந்த ஓராண்டைத் தொலைத்துவிடுகிறவர்கள் உண்டு.

பிறகு வருவது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. இல்லாமல் போன குறி ஒருகாலத்தில் இருந்தது என்று எப்படிக் காட்டுவது? பாத்திரத்திலும் நாற்காலியிலும் குறியிட்ட அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நூலகர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். முதல் பக்கத்தைக் கிழித்துப் பழைய புத்தகக் கடையில் போட்டவருக்கு, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் இன்னொரு முத்திரை உட்கார்ந்திருப்பது தெரியாது.

இரும்பில் குத்திய எண்ணாக இருந்தால் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. சுத்தியலின் அடியில் எண் பதியும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்குகிறது. திருடன் பள்ளம் மறையும் வரை அரைத்து வழவழப்பாக்கிவிடுவான். அடியில் நசுங்கிய பகுதி அங்கேயே இருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாமிரக் குளோரைடு கலந்த திரவத்தைப் பஞ்சால் தொட்டுத் தடவுவார்கள். நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் அமிலத்துக்கு ஒரே மாதிரி கரைவதில்லை. மிக ஆழமாக அரைத்திருந்தால் ஒன்றும் வராது. இல்லையென்றால் பொறுமையாகத் தடவத் தடவ, வெறும் இரும்பில் முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு கோடு என்று எண்கள் மங்கலாக எழுந்து வரும். அவை மறைவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்பதால் கேமராவை முன்கூட்டியே தயாராக நிறுத்தி வைத்திருப்பார்கள்.